ஜன்னலுக்கு வெளியே ஒரு சாம்பல் பெட்டி

இன்னும் கட்டாத வீட்டுக்குள் வெயில் அடிக்க வைப்பதுதான் என் பிழைப்பு. அபார்ட்மென்ட் விளம்பரங்களில் சோபா, பூந்தொட்டி, தரையில் விழுந்த காலை வெயில் என்று ஒரு ஹால் பளபளக்குமே, பார்த்திருப்பீர்கள். விளம்பரம் வருகிற நேரத்தில் அந்த ஹால் வெறும் மண்ணாகக் கிடக்கும். பிளானை வாங்கி, கம்ப்யூட்டரில் சுவர் எழுப்பி, சூரியனை வைத்து, போட்டோ மாதிரி ஒரு படம் எடுத்துத் தருகிறவர்கள் நாங்கள். அதை ரெண்டர் என்போம். பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் எங்கள் ஆபீஸ். ஆறு பேர், ஆறு கம்ப்யூட்டர். யாருடைய படத்திலாவது ரூம் இருட்டாக வந்தால், "அண்ணா, கொஞ்சம் பாருங்களேன், சாவடிக்குது" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய்ச் சரிசெய்து, கூடவே நாலு திட்டும் திட்டிவிட்டு வருவேன். அந்த விஷயத்தில் எனக்குக் கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி.

அந்தக் கொழுப்பு எங்கள் அக்காவின் சமையலறைக்கு என்ன செய்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அப்பா அம்மா போன பிறகு விவேக் நகரில் ஒரு லீஸ் வீட்டில் இருந்தோம். அக்கா வீட்டிலேயே கேக் செய்து கொடுப்பாள். புதுநன்மை, ஞானஸ்நானம், கல்யாணம் எதுவானாலும் அந்த வட்டாரத்தில் அவளிடம்தான் வருவார்கள். வெண்ணெய் ஐசிங்கில் ரோஜா இதழ் இதழாகப் பிழிவாள். வெள்ளையில் ஒன்று, க்ரீமில் ஒன்று, லேசான ரோஸில் ஒன்று என்று மூன்று நிறத்தையும் கலந்து வைத்தால் நிஜப் பூ தோற்றுப்போகும்.

அவளுக்கு நாற்பது தாண்டியபோது கண்ணில் ஒரு வியாதி என்று தெரிந்தது. ஓரத்திலிருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வரும். நடுவில் மட்டும் தெளிவு மிஞ்சும், அதுவும் நல்ல வெளிச்சம் இருந்தால்தான். சாயங்காலம் ஆறரைக்கு மேல் சுவரைத் தடவித்தான் நடப்பாள். காலை வெயிலில் உட்கார வைத்தால் இவளுக்கா கண்ணில் கோளாறு என்று சந்தேகம் வரும்.

"எது வரைக்கும் தாங்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றார் கண் டாக்டர். "வருஷத்துக்கு ஒருதடவை வந்து காட்டுங்க. வேலை செய்யற இடத்துல பகல் வெளிச்சம் நல்லா இருக்கணும். இப்போதைக்கு அதுதான் மருந்து."

அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்காரர் வீட்டை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். வேறு வீடு தேட ஆரம்பித்தோம். அக்கா ஒரு வேலை செய்வாள். டிபன் பாக்ஸ் மூடியில் மூன்று பொட்டு ஐசிங் வைத்துக்கொண்டு வருவாள்: வெள்ளை, க்ரீம், ரோஸ். வீடு காட்டுகிற புரோக்கர் பேசிக்கொண்டே இருப்பான். இவள் நேராகச் சமையலறைக்குப் போய் மேடைமேல் மூடியை வைத்துக் குனிந்து பார்ப்பாள். மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் வீடு. தெரியாவிட்டால், "வேணாண்டா, வா போலாம்." நீலசந்திராவில் ஒரு வீட்டில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டில் பல் தேய்க்கிறவன் நம்மேலேயே துப்பிவிடுவான் போலிருந்தது. மூடியை வெளியே எடுக்கவே இல்லை. இப்படிப் பதினோரு வீடு. எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்போதுதான் ஹென்னூர் பக்கம் வரப்போகிற ஒரு அபார்ட்மென்ட்டின் வேலை எங்கள் ஆபீஸுக்கு வந்தது. மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம், சமையலறை கிழக்குப் பார்த்து. நான் சொன்னதும் அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"கட்டாத வீட்டுல மூடியை எங்கடா வச்சுப் பாக்கறது?"

"என் கம்ப்யூட்டர்ல வச்சுக் காட்டறேன்" என்றேன்.

நிஜமாகவே வைத்தேன். பிளானில் உள்ளபடி சுவர், ஜன்னல், கருங்கல் மேடை எல்லாம் செய்து, மேடைமேல் ஒரு மூடி, அதில் மூன்று பொட்டு. பெங்களூரு சூரியன், காலை ஒன்பது மணி. ரெண்டர் போட்டேன். படம் வந்தது. கருமம், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது போல இருட்டு. மூன்று பொட்டும் ஒரே சாம்பல்.

இருட்டு ரூம் எனக்குப் புதிதா என்ன. வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் கேமராவுக்குள் வருகிற வெளிச்சத்தைக் கூட்டினேன். ஜன்னல் வெளுத்துப் போனதே தவிர ரூமுக்குள் அழுக்குத் தண்ணீர் நிறம்தான். திசையைப் பார்த்தேன். வாசல் கிழக்கே இருக்கிறது என்று காட்டுவதற்காக வடக்கு அம்புக்குறியைக் கொஞ்சம் திருப்பி வைக்கிற புண்ணியவான்கள் இந்த ஊரில் உண்டு. ஆனால் இந்தப் பிளானில் அம்பு சரியாகவே இருந்தது. ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடியைத் தப்பாகச் செய்தால் கம்ப்யூட்டர் அதைச் சுவர் என்று நினைத்து வெளிச்சத்தை உள்ளே விடாது. அதுவும் இல்லை. சுவரின் வெள்ளையைப் பார்த்தேன். சில சமயம் யாராவது வெள்ளை என்று சொல்லிச் சாம்பலைப் பூசி வைத்திருப்பார்கள், வந்த வெளிச்சத்தை அது குடித்துவிடும். எல்லாம் ஒழுங்காக இருந்தது. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. மண்டை காய்ந்தது.

கடைசியில் கேமராவை வீட்டுக்கு வெளியே தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கு எதிரே ஒரு பெட்டி நின்றுகொண்டிருந்தது. கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது, வெறும் சாம்பல் நிறப் பெட்டி. ஆர்க்கிடெக்ட் கொடுத்த ஃபைலோடு சேர்ந்து வந்திருந்தது. செகண்ட் பேஸ் என்று பேர் போட்டிருந்தது. அதாவது, பக்கத்து மனையில் பிறகு வரப்போகிற கட்டடம். உயரத்தை அளந்தேன், பதினாலு மாடி. எங்கள் ஜன்னலுக்கும் அதற்கும் நடுவே அளந்தேன், பதினெட்டு அடி.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ரூமுக்குள் படம் எடுக்கும்போது ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தாலும் அணைத்துவிடுவோம். மரம், சுவர், பக்கத்து வீடு, எதுவாக இருந்தாலும் வெளிச்சத்துக்குத் தொந்தரவு என்றுதான் கணக்கு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், "வெளிய இருக்கிறதை முதல்ல ஆஃப் பண்ணுங்கடா, அப்புறம் வந்து அழுங்க" என்று. அதே கையால் பெட்டியை அணைத்தேன். வெயில் மேடைமேல் வந்து விழுந்தது. மூன்று பொட்டும் மூன்று நிறமாயின. வந்துட்டா மகராசி என்று சத்தமாகவே சொன்னேன். பழக்க தோஷத்தில், ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்குத் தெரியாத ஒரு விளக்குப் பலகையையும் நிறுத்தினேன். அது உபரி வெளிச்சத்துக்கு. எல்லோரும் செய்வதுதான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. எங்கள் சாரிடம் போய், இந்த மாதிரி ஒரு கட்டடம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று கேட்டேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆஃப் பண்ணிடு குரு. செகண்ட் பேஸுக்குப் பர்மிஷனே வரல. பத்து வருஷம் ஆவும். சும்னே தலையக் கெடுத்துக்காத."

பத்து வருஷம் என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டாவது வீட்டுக்கு நடக்க எனக்குத் தெம்பில்லை என்பதுதான் உண்மை.

சனிக்கிழமை காலை அக்காவை ஆபீஸுக்கு அழைத்து வந்து பெரிய திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள். விரலை வைத்து, "இது வெள்ளை. இது க்ரீம். இது ரோஸ்" என்றாள். சிரித்துவிட்டாள். "சக்கத்தா இருக்குதுடா!" பிறகு என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பிடிக்க அவள் கண் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

"நெஜமாவே இப்படித்தான் இருக்குமா? உங்க ஆபீஸ் ஏமாத்து வேலை எதுவும் இதுல பண்ணலையே?"

"என்னக்கா, உன்கிட்டப் போயி" என்று நான் கோபித்துக்கொண்டேன். நன்றாகவே கோபித்துக்கொண்டேன். அவளே சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. படத்தை ஒரு பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னாள். லீஸ் பணத்தை முன்பணமாகக் கட்டி, வீடு முடிகிற வரைக்கும் ஒரு உறவுக்காரர் வீட்டு மாடியில் ஒண்டிக்கொண்டோம். குடிபோன அன்றைக்குப் பால் காய்ச்சுவதற்கு முன்னாலேயே அந்தப் படத்தை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

முதல் எட்டு மாதம் படத்தில் இருந்தபடியே இருந்தது. ஏழரை மணிக்கு வெயில் ஜன்னலில் ஏறும், ஒன்பதுக்கு மேடை முழுக்கப் பரவும், பதினொன்றுக்கு இறங்கும். அதற்குள் அக்கா அன்றைய ஐசிங் வேலையை முடித்துவிடுவாள். பக்கத்து மனை புதர் மண்டிக் கிடந்தது. நாலைந்து நாய்கள் படுத்திருக்கும். தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அந்த நாய்களை எண்ணிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அவை அங்கே இருக்கிற வரைக்கும் எனக்கு நிம்மதி.

ஒரு திங்கட்கிழமை நாய்கள் இல்லை. ஒரு ஜேசிபி நின்றிருந்தது.

அக்காவுக்குச் சத்தம் கேட்டது. "அந்தப் பக்கம் என்னமோ கட்டறாங்களே, நம்ம ஜன்னல மறைச்சிடுமாடா?" என்றாள். சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "அது தள்ளி இருக்குதுக்கா" என்றேன். "வெளிச்சத்தைப் பத்தி எனக்கு நீ சொல்றியா?" என்று ஒரு நக்கல் வேறு. அவளும், அதானே என்று சிரித்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள். தம்பிக்குத் தெரியாத வெளிச்சமா. ஜன்னல் வழியே பார்த்தால் அவளுக்கு ஒரு தட்டளவுதான் தெரியும். அதில் பச்சை வலை ஒன்று அசைந்துகொண்டிருக்கும். வலைக்குப் பின்னால் இருப்பது எவ்வளவு கிட்டே, எவ்வளவு உயரம் என்பதற்கு அவள் என்னைத்தான் நம்பியாக வேண்டும்.

கட்டடம் ஏறியது. ஒவ்வொரு தளம் போடும்போதும் கான்கிரீட் மிஷின் பகல் முழுக்க உறுமும். கம்பிகள் முதலில் நம் மட்டத்துக்கு வந்தன, பிறகு தாண்டிப் போயின. வெயில் முதலில் தரையை விட்டது. அடுத்த தளத்தில் மேடையின் பாதியை விட்டது. ஆறாவது தளம் போட்ட வாரத்தில் சுவரில் ஒரு கைக்குட்டை அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் போயிற்று. கம்ப்யூட்டரில் அன்றைக்கு நான் பார்த்த அதே இருட்டு, அதே மூலையிலிருந்து தொடங்கி அதே மாதிரி வந்து உட்கார்ந்தது.

தினமும் காலையில் அக்கா மேடைக்கு முன்னால் நின்று கேட்பாள், "மோடமா இருக்குதாடா?"

"ஆமாக்கா. மோடமாத்தான் இருக்குது."

பெங்களூரில் மேகமூட்டத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் கொஞ்ச நாள் ஓடியது. மார்ச் மாதம் ஊரே காய்கிறபோதும் அதையே சொன்னேன்.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஆபீஸில் செய்கிற அத்தனையும் வீட்டில் செய்து பார்த்தேன். வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பட்டும் என்று சமையலறைக்கு வெள்ளை அடித்தேன். எதிர்ச் சுவரில் கண்ணாடி மாட்டினேன். எல்இடி விளக்கு இரண்டு, பிறகு நாலு, பிறகு எட்டு. எட்டையும் போட்டால் ஆபரேஷன் தியேட்டர் கெட்டது. அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு, "பளீர்னு குத்துதுடா. எல்லாம் வெளுப்பா இருக்குது, எதுவும் தெரியல" என்றாள். மூடியை எடுத்து வைத்துப் பார்த்தாள். கழுவி வைத்துவிட்டாள்.

மே மாதம் ஒரு புதுநன்மைக் கேக். வெள்ளை ரோஜா கேட்டிருந்தார்கள். செய்து முடித்து டப்பாவில் வைத்துக் கொடுத்தாள். வாங்கிப் போனவர்கள் மாதா கோயில் ஹாலில் திறந்து பார்த்தால் பாதிப் பூ வெள்ளை, பாதி ரோஸ். அந்த அம்மா போன் பண்ணித் திட்டவில்லை. "பரவால்ல சிஸ்டர், அழகாத்தான் இருந்துது" என்று சொன்னாராம். அந்தப் பரவால்லதான் அக்காவைக் கொன்றது. அதற்குப் பிறகு ஆர்டர் கேட்டு யார் போன் செய்தாலும், "கண்ணு சரியில்லம்மா, வேற யாரையாவது பாத்துக்கோங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"கடைசியில போயே போச்சுடா" என்றாள் என்னிடம் ஒருநாள். "டாக்டர் சொன்னாரில்ல, எப்பன்னு சொல்ல முடியாதுன்னு. இப்பதான் போல."

என் வாயில் அப்போதும் உண்மை வரவில்லை. டாக்டரைப் பார்க்கலாங்க்கா என்று மட்டும் சொன்னேன். வேண்டாம், வருஷக் கெடு வரட்டும், அவர் வாயால் கேட்கப் பயமாக இருக்கிறது என்றாள். பகலில் குளியலறைக்குள் போனால் வெகு நேரம் குழாய் ஓடும். டேங்கர் தண்ணீர் வாங்குகிற அபார்ட்மென்ட் இது. நான் கதவைத் தட்டி, "தண்ணி வீணாவுதுக்கா!" என்று கத்துவேன். உடனே நின்றுவிடும்.

கெடு வந்தது. ஆஸ்பத்திரியில் பெரிய கிண்ணம் போன்ற மெஷினுக்குள் தலையை வைத்து, புள்ளி தெரிகிறபோதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொல்லும் அந்தப் பரிசோதனையை இரண்டு கண்ணுக்கும் செய்தார்கள். டாக்டர் போன வருஷத்துக் காகிதத்தையும் இந்த வருஷத்துக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்படியேதான் இருக்குதும்மா. ஒரு வித்தியாசமும் இல்ல. நல்ல விஷயம்."

ஆட்டோவில் நான் சந்தோஷப்படுகிற மாதிரி என்னென்னமோ பேசிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குப் போனாள். ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த ஐசிங்கில் மூன்று பொட்டு எடுத்து மூடியில் வைத்தாள். மேடைமேல் வைத்துப் பார்த்தாள். பிறகு மூடியை எடுத்துக்கொண்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, லிஃப்டில் மேலே போனாள். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மொட்டை மாடிக்குத்தான் போயிருக்கிறாள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். மூடியை என் முன்னால் நீட்டினாள். ஐசிங் வெயிலில் உருகியிருந்தது.

"மேல தெரியுதுடா. மூணும் தனித்தனியா தெரியுது. இங்க வந்தா தெரியல."

நான் மூடியை வாங்கிக்கொண்டேன்.

"மேல நல்லா வெயில் காயுது. காலையில மோடம்னு சொன்ன."

"அக்கா..."

"அந்தக் கட்டடம்தானே?"

"ஆமாக்கா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

ஜேசிபி வந்த அன்றைக்கு என்று சொல்லலாமா என்று ஒரு நொடி கணக்குப் போட்டேன். என் புத்தி அப்பேர்ப்பட்டது. பிறகு சொல்லிவிட்டேன். படம் செய்த அன்றைக்கே தெரியும், ஜன்னலுக்கு வெளியே ஒரு பெட்டி இருந்தது, நான்தான் அணைத்தேன் என்று. பதினாலு மாடி, பதினெட்டு அடி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அவள் அழவில்லை.

"குழாயத் தெறந்துவிட்டு உள்ள உக்காந்து அழுவேன்டா" என்றாள். "கண்ணு போயிடுச்சு, இனிமே இவனுக்கு பாரமா கெடக்கப் போறோம்னு. நீ வந்து கதவத் தட்டுவ. தண்ணி வீணாவுதுன்னு."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால், அந்த மூடியை என் முகத்தில் விசிறியிருந்தால் தேவலை என்றிருந்தது. எட்டு விளக்கையும் அணைத்துவிட்டு ரூமுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஃபிரிட்ஜில் இருந்த படத்தை நான்தான் எடுத்தேன். காந்தத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை நான் ஹாலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா மூன்று பொட்டு வைத்த மூடியோடு சமையலறையிலிருந்து வந்தாள். வழக்கமான கேள்வி வரும் என்று காத்திருந்தேன். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று ராத்திரியெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுக்கூட வந்திருந்தேன். நல்ல வெயில்.

அவள் என்னைத் தாண்டிப் போனாள். சுவரைத் தடவி இன்டர்காமை எடுத்தாள். கீழே கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு, "அண்ணா, ஹொரகடே பிசிலா, மோடனா?" என்று கேட்டாள். வெளியே வெயிலா, மேகமா என்று.

அவன் என்னவோ சொன்னான். "சரிண்ணா" என்று வைத்துவிட்டு, மூடியோடு லிஃப்டுக்குப் போனாள்.